454 ஏன் நீளம், 457 ஏன் நார்மல்? ஆண், பெண் இதய மின்சாரம் பற்றி

கேள்வி: "நானும் மனைவியும் ஒரே நாளில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டோம். என் இசிஜியில் கியூ-டி-சி 454 என்று குறித்து, 'சற்று நீண்டுள்ளது' என்று அச்சாகியிருக்கிறது. அவளுடையது 457, ஆனால் 'நார்மல்' என்று வந்திருக்கிறது. இயந்திரம் பிழை செய்கிறதா? இதயத்தின் மின்சாரத்தில் கூடவா ஆண், பெண் வேறுபாடு இருக்கும்?"

இயந்திரம் பிழை செய்யவில்லை. பரிசோதனைக்கு முன் உங்கள் பெயர், வயதோடு ஆணா பெண்ணா என்றும் அதில் பதிந்திருப்பார்கள். ஆணுக்கு 450 மில்லி வினாடியை எட்டினால் நீளம், பெண்ணுக்கு 460-ஐ எட்டினால் நீளம் என்பது அமெரிக்க இதய அமைப்புகள் 2009-இல் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை. உங்கள் எண் உங்கள் எல்லையை நான்கு மில்லி வினாடி தாண்டியிருக்கிறது. அவருடைய எண் அவருடைய எல்லைக்குள் நிற்கிறது. உங்களுடைய 454 பற்றிக் கடைசியில் சொல்கிறேன்; அதற்காக இன்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் இரண்டாவது கேள்விதான் பெரியது. தினமும் இசிஜி தாள்களோடு வாழ்பவள் என்ற முறையில், அதை யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் காத்திருந்ததுண்டு.

முதலில் இந்த கியூ-டி என்ன என்று பார்த்துவிடுவோம். இதயத்தின் வலது மேலறையின் உச்சியில் இருக்கும் ஒரு சிறு கணுவிலிருந்து ஒவ்வொரு துடிப்புக்கும் மின் அலை கிளம்புகிறது. மேலறைகள் முழுவதும் பரவி, நடுவில் உள்ள இன்னொரு கணுவில் சற்றுத் தாமதித்து, பிறகு கீழறைகளுக்குள் வேகமாகப் பாய்கிறது. தாளில் தெரியும் உயரமான கூர்முனை அந்தப் பாய்ச்சல்தான். அதன் பின் மெதுவாக எழுந்து தாழும் மேடு இருக்கிறதே, டி அலை, அது கீழறைத் தசைச் செல்கள் மின்சாரத்தை இறக்கிவைத்துவிட்டு அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரம். கூர்முனையின் தொடக்கத்திலிருந்து அந்த மேடு முடியும் வரை உள்ள இடைவெளியே கியூ-டி. ஏறக்குறைய 400 மில்லி வினாடி, அதாவது அரை வினாடிக்கும் குறைவு. துடிப்பு வேகமானால் இது தானாகச் சுருங்கும். ஆகவே எல்லோரையும் ஒப்பிடுவதற்காக நாடித் துடிப்புக்கு ஏற்பத் திருத்திச் சொல்கிறோம். அந்தத் திருத்திய எண்தான் கியூ-டி-சி.

இந்தத் திருத்தத்துக்கு இன்றும் பெரும்பாலான இயந்திரங்கள் பயன்படுத்தும் சூத்திரம் ஹென்றி பாஸெட் என்ற பிரிட்டிஷ் உடலியங்கியலாளர் 1920-இல் வெளியிட்டது. அந்தக் கட்டுரையிலேயே அவர் ஆணுக்கு 0.37, பெண்ணுக்கு 0.40 என்று இரு வேறு மாறிலிகளைக் கொடுத்திருந்தார். இசிஜி கருவியை உருவாக்கிய ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்ததே 1924-இல்தான். கருவியைக் கண்டவர் பரிசு வாங்குவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே பெண்ணின் கியூ-டி நீளம் என்பது அச்சில் வந்துவிட்டது. அது மருந்துச் சீட்டை எட்டுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். பெண்களின் நாடி சராசரியாக நிமிடத்துக்கு மூன்று முதல் ஐந்து துடிப்பு அதிகம். பாஸெட்டின் சூத்திரம் வேகமான நாடியில் எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் குறையுள்ளது. அப்படியானால் இந்த வேறுபாடே சூத்திரத்தின் மாயமா? சிறு பகுதி அப்படி இருக்கலாம். ஆனால் அதே 1920-இல் டென்மார்க்கின் ஃபிரிடெரிசியா கொடுத்த, வேகமான நாடியில் இவ்வளவு கூட்டிக் காட்டாத சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தாலும் வேறுபாடு மறைவதில்லை. வளர்ந்தவர்களில் அது சராசரியாக 10 முதல் 20 மில்லி வினாடி.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். "பெண்ணின் கியூ-டி நீளம்" என்று புத்தகங்கள் சொல்கின்றன. நானும் மேலே அப்படித்தான் எழுதினேன். அந்த வாக்கியமே ஆணின் இதயத்தை அளவுகோலாக வைத்துப் பேசுகிறது. பிறந்த குழந்தைகளை எடுத்துப் பாருங்கள்: ஆணும் பெண்ணும் ஒன்றே. ஐந்து வயதிலும் பத்து வயதிலும் ஒன்றே. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குப் பிறகுதான் கோடுகள் பிரிகின்றன. அப்போது மாறுவது யார் தெரியுமா? பையன்கள். குரல் உடைந்து, மீசை அரும்பும் அதே பருவத்தில் பையனின் கியூ-டி-சி குறைகிறது. சிறுமியின் இதயம் தன் குழந்தைப் பருவ அளவிலேயே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஐம்பது, அறுபதைத் தாண்டியதும் ஆணின் எண் மெல்ல ஏறி, இருவரும் மீண்டும் நெருங்கி வருகிறார்கள். பூப்பு முதல் முதுமை வரை நீடிக்கும் ஓர் இடைக்கால விலகல் இது; விலகிப் போவது ஆண்.

காரணம் டெஸ்டோஸ்டிரோன். இதற்குச் சான்றுகள் பல பக்கங்களிலிருந்து வந்து ஒரே இடத்தில் கூடுகின்றன. விரைகள் அகற்றப்பட்ட ஆண்களில் டி அலை முடிவதற்கு ஆகும் நேரம் நீண்டிருக்கிறது. ஆண் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும் நோயுள்ள பெண்களில் அது சுருங்கியிருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் ஊசி போடும்போது கியூ-டி நீளக்கூடும் என்று அந்த மருந்துகளின் குறிப்பேட்டிலேயே எச்சரிக்கை உண்டு. ஹார்மோன் சிகிச்சை எடுக்கும் திருநங்கையரில் எண் கூடுவதும், டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பியரில் குறைவதும் ஆய்வுகளில் தெரிகின்றன. ஆகவே இயந்திரத்தில் 'ஆண்', 'பெண்' என்ற இரண்டு கட்டங்களில் ஒன்றை நிரப்பும்போது, எந்த ஹார்மோன் இப்போது அந்த உடலில் ஓடுகிறது என்பதையும் கேட்பது நல்ல மருத்துவம்.

செல்லுக்குள் நடப்பது இது. தசைச் செல் மின்னூட்டம் இறங்கிப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமானால் பொட்டாசியம் வெளியேற வேண்டும். அதற்கென்று செல்லின் சவ்வில் நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. அவற்றில் மிக முக்கியமான ஒன்றுக்கு ஹெர்க் என்று பெயர். (பழ ஈ ஒன்றின் மரபணுவில் கோளாறு ஏற்பட்டு, ஈதர் மயக்கத்தில் அதன் கால்கள் நடனமாடுவதுபோல் உதறின; அதனால் 'ஈதர்-அ-கோ-கோ' என்று பெயர் பெற்ற அந்த மரபணுவின் மனித உறவினர் இது, ஹெர்க் என்பது அந்தப் பெயரின் சுருக்கம். அறிவியலில் பெயர்கள் எங்கிருந்தெல்லாம் வருகின்றன பாருங்கள்.) டெஸ்டோஸ்டிரோன் பொட்டாசியம் வெளியேறும் ஓட்டத்தைக் கூட்டுகிறது, உள்ளே வரும் கால்சியத்தைக் குறைக்கிறது; செல் சீக்கிரம் ஓய்வுக்குத் திரும்புகிறது. பெண்ணின் கீழறைத் தசையில் இந்த வாயில்களில் சில எண்ணிக்கையிலேயே குறைவு. ஈஸ்ட்ரோஜன் ஹெர்க் வாயிலைச் சற்று மந்தப்படுத்தும். புரோஜெஸ்டிரோனோ டெஸ்டோஸ்டிரோனின் திசையில் இழுக்கும்.

இதனால் ஒரே பெண்ணின் இதயத்தில்கூட மாதத்தின் நாளுக்கேற்ப வேறுபாடு தெரிகிறது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு, கியூ-டியை நீட்டும் இபுடிலைடு மருந்தைச் சிறு அளவில் கொடுத்து அளந்தார்கள். மாதவிடாய் நாட்களில் இருந்த பெண்களில் நீட்சி மிக அதிகம்; புரோஜெஸ்டிரோன் உயர்ந்திருக்கும் சுழற்சியின் பின்பாதியில் குறைவு; ஆண்களில் அதைவிடக் குறைவு. ஒரே மருந்து, ஒரே கணக்கில் கொடுத்த அளவு. உடல் பதில் சொன்ன விதம் வேறு.

மருத்துவர்கள் இதைக் கையிருப்பு என்ற சொல்லால் விளக்குவார்கள். பொட்டாசியம் வெளியேற ஒரு வழி அடைபட்டாலும் வேறு வழிகள் இருப்பதால் இதயம் சமாளித்துவிடும். அந்தக் கையிருப்பு ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் புண்ணியத்தில் தாராளம், பெண்ணுக்கு அளவானது. சாதாரண நாளில் அளவான கையிருப்பே போதும், குடும்பம் நடந்துவிடும். ஒரே வாரத்தில் மூன்று செலவுகள் சேர்ந்து வரும்போதுதான் தெரியும்.

1966-இல் பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா டெசெர்தென், இதயத்தின் மின்பாதை அடைபட்ட ஒரு நோயாளியின் இசிஜியில் விநோதமான ஒரு தாளக்கேட்டைப் பார்த்தார். கூர்முனைகள் நடுக்கோட்டைச் சுற்றி முறுக்கிய கயிறுபோல் மேலும் கீழும் சுழன்றன. அதற்கு அவர் வைத்த பிரெஞ்சுப் பெயருக்கு 'முனைகளின் முறுக்கம்' என்று பொருள். மருத்துவ உலகில் இன்றும் டார்சாட் என்றே சொல்கிறோம். கியூ-டி மிகவும் நீண்ட இதயத்தில் வருவது இது. சில வினாடிகளில் தானே நின்றால் மயக்கம், நிற்காவிட்டால் மரணம். டெசெர்தெனின் அந்த நோயாளி 80 வயதுப் பெண். அன்று அது தற்செயலாகத் தெரிந்திருக்கும். 1993-இல், இதய மருந்துகளால் வந்த டார்சாட் என்று அதுவரை மருத்துவ இதழ்களில் பதிவான 332 பேரைத் தொகுத்துப் பார்த்தபோது 70 விழுக்காட்டினர் பெண்கள். அந்த மருந்துகளைப் பெண்கள் அதிகம் உட்கொண்டதால் வந்த கணக்கு அல்ல அது. நூற்றுக்கு ஐம்பது என்ற அளவுக்குக்கூட அவை பெண்களுக்கு எழுதப்படவில்லை.

மருந்துகள் பெண் உடலில் எப்படி வேலை செய்யும் என்று முன்கூட்டியே ஏன் தெரியவில்லை? பெரும்பாலும் பார்க்காததால்தான். கர்ப்பிணிகள் உட்கொண்ட தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் உறுப்புக் குறையோடு பிறந்த அவலத்துக்குப் பிறகு, கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கக்கட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கிவைக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 1977-இல் வழிகாட்டியது. கருவைக் காக்கும் நல்லெண்ணம்தான். ஆனால் விளைவு என்ன? கியூ-டி குறைந்த, கையிருப்பு மிகுந்த இளைஞர்களிடம் மருந்துகளைச் சோதித்துவிட்டு, அந்த அளவையே பாட்டிகளுக்கும் தாய்மார்களுக்கும் கொடுத்தோம். அந்த வழிகாட்டுதல் 1993-இல் மாற்றப்பட்டது. இடையில் வந்த ஒவ்வாமை மாத்திரை டெர்ஃபெனாடின், நெஞ்செரிச்சல் மருந்து சிசாப்ரைடு இரண்டும் ஹெர்க் வாயிலை அடைத்து டார்சாட்டை வரவழைத்தன. டெர்ஃபெனாடின் 1998-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து போனது. சிசாப்ரைடு அங்கே 2000-இல் நின்றது. இந்தியாவில் 2011-இல்தான் தடை வந்தது. 1997-க்குப் பிறகு அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட பத்து மருந்துகளில் எட்டு, பெண்களுக்கே அதிக ஆபத்தாக இருந்தன என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2001-இல் அறிக்கை கொடுத்தது. அவற்றில் சில, பெண்கள் அதிகம் உட்கொண்ட மருந்துகள் என்பதால் அப்படித் தெரிந்தவை. மற்றவை உண்மையாகவே பெண் உடலில் கடுமையாக நடந்துகொண்டவை. இந்த அறிக்கையை ஒவ்வொரு மருத்துவ மாணவரும் படிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இன்றைக்கு நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் எத்தனை மாத்திரைகள் கியூ-டியை நீட்டுகின்றன என்று பலருக்குத் தெரியாது. வயிற்று உப்பசத்துக்கு டோம்பெரிடோன், வாந்திக்கு ஒன்டான்செட்ரான், காய்ச்சலுக்கும் சளிக்கும் அசித்ரோமைசின், வயிற்றுப்போக்குக்கு லெவோஃப்ளாக்சசின் வகையைச் சேர்ந்தவை, பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல், மனச்சோர்வுக்கு எஸ்சிடலோப்ராம், மூட்டுவாதத்துக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்கும் ஹைட்ராக்சி குளோரோகுயின். தனித்தனியாகப் பெரும்பாலானவர்களுக்கு இவை பாதுகாப்பானவையே. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்; குறிப்பாக லூபஸ் உள்ள பெண்களுக்கு ஹைட்ராக்சி குளோரோகுயின் உயிர்காக்கும் மருந்து. நான் அஞ்சுவது இவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதற்கு.

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா குளியலறையில் மயங்கி விழுந்து எங்களிடம் கொண்டுவரப்பட்டார். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, வாந்தி. ஒரு மருத்துவர் ஒன்டான்செட்ரானும் லெவோஃப்ளாக்சசினும் கொடுத்திருந்தார். அதற்கு முன் தோலில் வந்த படைக்கு வேறொருவர் ஃப்ளூகோனசோல் எழுதியிருந்தார். நெஞ்செரிச்சலுக்காக டோம்பெரிடோன் சேர்ந்த மாத்திரையைப் பல மாதங்களாக அவரே வாங்கிச் சாப்பிட்டுவந்தார். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் 2.8-க்கு இறங்கியிருந்தது. கியூ-டி-சி 540. யார்மீதும் பெரிய தவறு சொல்ல முடியாது; ஒவ்வொருவரும் தம்முன் இருந்த தொல்லைக்கு மருந்து கொடுத்தார்கள். நான்கையும் ஒரே தாளில் பார்த்தவர் இல்லை. நரம்பு வழியே மெக்னீசியமும் பொட்டாசியமும் ஏற்றி, நான்கு மாத்திரைகளையும் நிறுத்தினோம். மூன்றாம் நாள் 452. இயல்பாகவே அவருக்கு அவ்வளவுதான் என்று எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், மகள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய இசிஜி ஒன்றில் 448 என்று இருந்தது.

இந்த வரிசையில் பிறவியிலேயே கியூ-டி நீண்ட குடும்பங்களும் உண்டு. மரபணு மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி வாய்ப்பில்தான் போகிறது. ஆனால் அது வெளிப்படும் காலம் வேறு. பழுதான மரபணுவைப் பொறுத்து இதில் வகைகள் உண்டு. பூப்புக்கு முன் ஆபத்து அதிகம் பையன்களுக்கு, அதிலும் முதல் வகையில். நீந்தும்போதும் ஓடும்போதும் விழுவார்கள். பூப்புக்குப் பின் தராசு மாறி, பெண்களுக்கு ஆபத்து கூடுகிறது. இரண்டாம் வகை என்பது ஹெர்க் வாயிலே பழுதானது. அதில் திடீர் ஓசையே போதும்: அலாரம், தொலைபேசி மணி. கருவுற்றிருக்கும் காலத்தைவிடக் குழந்தை பிறந்த பின்னான ஒன்பது மாதங்கள் இப்பெண்களுக்கு மிக ஆபத்தானவை. உறக்கம் கெட்டு, நள்ளிரவில் குழந்தையின் அழுகைக்குத் திடுக்கிட்டு எழும் மாதங்கள் அவை. பீட்டா தடுப்பு மாத்திரை இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். பால் கொடுப்பதால் நிறுத்திவிடலாமா என்று கேட்டு நிறுத்துவதுதான் பெரிய பிழையாக முடிகிறது. மணி அடித்தால் மயங்கி விழும் பெண்ணுக்கு வலிப்பு மாத்திரை கொடுத்தோ, காற்றுக் கறுப்பு என்று மந்திரித்தோ நாட்களைப் போக்கிவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஓசையில், ஓட்டத்தில், நீச்சலில் மயங்கிய எவருக்கும் ஓர் இசிஜி எடுத்தே ஆக வேண்டும்.

இதுவரை பெண்ணுக்கு நேரும் ஆபத்தையே பேசினேன். அதே டெஸ்டோஸ்டிரோன் ஆணிடம் வாங்கும் விலையும் ஒன்று உண்டு. 1992-இல் பெத்ரோ, ஜோசப் புருகாடா சகோதரர்கள் விவரித்த நோய்க்கு அவர்கள் பெயரே நிலைத்தது. இதயத்தின் அமைப்பில் குறை ஒன்றும் தெரியாது. இசிஜியின் வலப்பக்க மார்புத் தடங்களில் (மார்பில் ஒட்டும் மின்முனைகள் வரையும் கோடுகளில்) மட்டும் ஒரு விநோத மேடு. இரவு உறக்கத்தில் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும். இதன் மரபணுவும் ஆண், பெண் இருவருக்கும் சமமாகவே போகிறது. ஆனால் நோயில் விழுபவர்கள் ஆண்கள், பெண்களைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு. தென்கிழக்கு ஆசியாவில் மருத்துவம் பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே மக்கள் பெயர் வைத்திருந்தார்கள்: தாய்லாந்தில் லை தாய், பிலிப்பைன்ஸில் பாங்குங்கூட். வடகிழக்குத் தாய்லாந்தின் கிராமங்களில், விதவைப் பேய் ஒன்று இளம் ஆண்களைத் தேடி வந்து உறக்கத்தில் கொண்டுபோகிறது என்று நம்பி, ஆண்கள் பெண் உடை அணிந்து படுத்தார்கள். ஆண்களை மட்டும்தான் அது தேடி வருகிறது என்பதை அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு துல்லியமாகக் கவனித்திருக்கிறார்கள்! (நம் ஊர் அமுக்குவான் பேய் வேறு. அது உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையில் உடல் மட்டும் அசையாமல் போகும் நிலை, பயமுறுத்தும், கொல்லாது.) 2003-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இரண்டு ஆண்களைப் பற்றி எழுதினார்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்காக விரைகளை அகற்றிய பின் அவர்களின் இசிஜியில் இருந்த புருகாடா மேடு மறைந்துவிட்டது. உடை மாற்றிப் பேயை ஏய்க்க நினைத்தவர்கள், காரணம் தெரியாமலேயே காரணத்துக்கு மிக அருகில் நின்றிருந்தார்கள்.

மற்ற வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்ணின் இதயம் அளவில் சிறியது. ஆகவே கூர்முனையின் அகலம் குறைவு. இது வெறும் தகவல்போல் தெரியும். ஆனால் இதயம் பலவீனமானவர்களுக்கு இரு கீழறைகளையும் சேர்த்துத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் பொருத்தலாமா என்பதை அந்த அகலத்தை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். இடக் கீழறைக்கு மின்சாரம் கொண்டுபோகும் கிளை அடைபட்டவர்களில், 130 முதல் 149 மில்லி வினாடி அகலத்தில் பெண்களுக்கு நல்ல பலன் கிடைப்பதும் ஆண்களுக்கு அப்படிக் கிடைக்காததும் 2014-இல் வெளியான பகுப்பாய்வில் தெரிந்தது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் கோட்டிலும் இதே கதை. நடு மார்புத் தடங்களில் கோடு மேலேறி நிற்பது நாற்பது வயதுக்குக் குறைந்த ஆணில் 2.5 மில்லிமீட்டர், அதற்கு மேற்பட்ட ஆணில் 2 மில்லிமீட்டர் இருந்தால்தான் மாரடைப்புக்குரிய அளவு. பெண்ணில் 1.5 மில்லிமீட்டரே போதும். இளம் ஆண்களின் இசிஜி இயல்பிலேயே மேலேறி நிற்கும் என்பதே காரணம். 1.5 உள்ள ஓர் அம்மாவை ஆணுக்குரிய கோட்டோடு ஒப்பிட்டு வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இசிஜி எடுக்கும் முறையிலும் ஒரு பிழை நடக்கிறது. இதைப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான்காவது தடம் முதல் உள்ளவற்றை மார்பகத்தின் அடியில், விலா எலும்புகளை எண்ணிப் பார்த்து ஒட்ட வேண்டும். கூச்சத்தினாலோ அவசரத்தினாலோ ரவிக்கைக்கு மேலே கிடைத்த இடத்தில் ஒட்டிவிட்டால், முன்பக்கத் தசையில் பழைய மாரடைப்பு இருந்ததுபோல் தாள் காட்டும். அப்படி ஒரு வரி அச்சாகி, எக்கோ, டிரெட்மில் என்று அலைந்து, கடைசியில் ஒன்றுமில்லை என்று தெரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெண் பணியாளரைக் கேட்டு வாங்குங்கள். திரையை இழுத்துவிடச் சொல்லுங்கள். சரியான இடத்தில் ஒட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

படபடப்பு வியாதிகளும் ஆளைப் பார்த்துத்தான் வருகின்றன. நடுக்கணுவுக்குள்ளேயே மின் அலை சுழன்று திடீரென 180, 200 என்று துடிக்கவைக்கும் வகை, பெண்களில் ஆண்களைப் போல் இரு மடங்கு. பிறவியிலேயே கூடுதல் மின்பாதையால் வரும் வகை ஆண்களில் அதிகம். முதல் வகையினர் கழுத்தில் ஏதோ தவளைபோல் துள்ளுகிறது என்பார்கள். அந்த விவரிப்பே பாதி நோயறிதல். ஆனால் மருத்துவமனையை அடைவதற்குள் அது நின்றுவிடும். இசிஜி சாதாரணமாக இருக்கும். "பயம், டென்ஷன்" என்று எழுதிவிடுவோம். பெண் என்றால் இன்னும் எளிதாக எழுதிவிடுகிறோம். 1997-இலேயே ஆய்வாளர்கள் இதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். படபடப்பு திடீரென்று சுவிட்சு போட்டதுபோல் தொடங்கி, அப்படியே திடீரென்று நின்றால் அது பதற்றமல்ல என்று வாதாடுங்கள். பிடிபட்டுவிட்டால், குழாய் வழியே அந்தச் சிறு இடத்தைச் சுடும் சிகிச்சையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நிரந்தரமாகக் குணமாகும்.

மேலறைகள் ஒழுங்கின்றி அதிரும் மேலறை நடுக்கம் ஆண்களுக்கு அதிகம் வருகிறது. ஆனால் வந்த பெண்களுக்குப் பக்கவாதம் கூடுதல் என்று பார்த்து, ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து தேவையா என்று கணக்கிடும் பட்டியலில் பெண் என்பதற்கே ஒரு மதிப்பெண் நீண்டகாலம் இருந்தது. 2024-இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் அந்த மதிப்பெண்ணை எடுத்துவிட்டது. வயதும் மற்ற நோய்களுமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன என்ற வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது.

இனி உங்கள் 454. இயந்திரம் டி அலையின் முடிவைத் தானே யூகித்து அளக்கிறது. பத்து, பதினைந்து மில்லி வினாடி பிசகுவது சாதாரணம். பரிசோதனைக்குப் பசியோடும் பதற்றத்தோடும் போயிருப்பீர்கள். நாடி 90-க்கு மேல் இருந்திருந்தால் பாஸெட்டின் சூத்திரம் எண்ணைக் கூட்டியிருக்கும். ஓய்வாக இருக்கும் ஒரு நாளில் இன்னொரு இசிஜி எடுத்து, இரண்டாம் தடத்திலோ ஐந்தாம் மார்புத் தடத்திலோ கையால் அளந்து தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். நீங்கள் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் பெயரையும், கடையில் கேட்டு வாங்கியவை உட்பட, எழுதிக் கொண்டுபோங்கள். பொட்டாசியமும் பார்க்கலாம். மயக்கம் வந்ததில்லை, வீட்டில் இளவயதில் திடீரென இறந்தவர் இல்லை என்றால் இத்தோடு முடிந்துவிடும் என்றே நினைக்கிறேன். நாங்கள் உண்மையில் பதறுவது 500-ஐத் தாண்டும்போதுதான்.

உங்கள் மனைவியின் 457 நார்மல்தான். அந்த வார்த்தை சரி. ஆனால் எல்லைக்கு மூன்று மில்லி வினாடி தள்ளி நிற்கும் நார்மல் அது. வாந்தி, வயிற்றுப்போக்குக்கு மருந்து வாங்கும்போதும், புதிதாக ஒரு ஆன்டிபயாட்டிக் தொடங்கும்போதும், இந்த எண்ணை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அந்த இசிஜி தாள் வெப்பத்தில் அச்சாகும் வகையாக இருந்தால் ஓரிரு ஆண்டுகளில் எழுத்து மங்கிவிடும். இன்றே ஒரு நகல் எடுத்து, அன்றைய தேதியையும் அப்போது அவர் சாப்பிட்டுவந்த மருந்துகளையும் பின்பக்கத்தில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் உறையிலேயே வைத்துவிடுங்கள்.